சூப்பர்ஹீரோ ஊடாட்டப் புனைவில் குறையுள்ள நாயகரை ஆடுவது: முழுமையான வழிகாட்டி

ஊடாட்டப் புனைவு என்றால், பக்கத்துக்குப் பக்கம் தரப்படும் தேர்வுகளில் (சாய்ஸ்) ஒன்றை நாமே அழுத்தி நகர்த்தும் கதை. அதில் "இந்த முறை கெட்டவனாக ஆடிப் பார்க்கலாம்" என்று தொடங்கும் பலர், ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பதிலேயே கொடூரமான சாய்ஸை அழுத்திக்கொண்டே போகிறார்கள். நாயகரின் திறமை போதுமா என்று கதை அவ்வப்போது சோதிக்கும்; நான்காவது அத்தியாயத்துக்குள் எந்தச் சோதனையும் தேறாத நிலை வந்துவிடுகிறது. கூட இருந்த ஹீரோக்கள் விலகிவிடுகிறார்கள், வில்லன்களும் சேர்த்துக்கொள்வதில்லை. கதை மோசம் என்று ஆப்பை மூடிவிடுகிறார்கள்.

கோளாறு கதையில் இல்லை. குறையுள்ள நாயகர் என்றால் எல்லாத் தீமையும் செய்பவர் என்று எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. ஒரு மனிதருக்கு ஒரு குறை போதும். அந்த ஒன்றை முதல் பக்கத்துக்கு முன்பே முடிவுசெய்து, கடைசிப் பக்கம் வரை பிடித்துக்கொண்டு போனால் இந்த வகைக் கதைகள் வேறு ஆழத்தில் திறக்கின்றன.

இங்கே சொல்வது பெரும்பாலும் 'சாய்ஸ்ஸ்கிரிப்ட்' மொழியில் எழுதப்பட்ட கதைகளுக்கு, அதாவது 'சாய்ஸ் ஆஃப் கேம்ஸ்', 'ஹோஸ்டட் கேம்ஸ்' வெளியீடுகளுக்குப் பொருந்தும். ட்வைன் என்ற இன்னொரு கருவியில் செய்த கதைகள் கொஞ்சம் மாறும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. போனிலேயே குறிப்பு எழுதலாம்தான். ஆனால் கதையும் அதே திரையில் ஓடுவதால், மாறி மாறிப் போய்வருவதில் பலர் இரண்டாவது அத்தியாயத்திலேயே எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். காகிதம் பக்கத்திலேயே கிடந்தால் எழுதுவீர்கள்.

அடுத்தது கதையைத் தேர்வது. குறையுள்ள நாயகருக்கு எல்லா சூப்பர்ஹீரோ கதையும் இடம் கொடுக்காது. சில கதைகளில் நாயகரின் மனம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். உங்களுக்கு விட்டிருப்பது சண்டை போடும் முறை மட்டுமே. இலவசமாகக் கிடைக்கும் தொடக்க அத்தியாயங்களில் இதைச் சோதித்துவிடலாம். "என்ன செய்கிறாய்?" என்பதோடு நிற்காமல் "ஏன் செய்கிறாய்?", "செய்தபின் என்ன நினைக்கிறாய்?" என்றும் கேட்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒரு கேள்வியாவது காரணத்தைப் பற்றி இருந்தால் அந்தக் கதை தாங்கும். 'ஃபாலன் ஹீரோ: ரீபர்த்' இதற்கு நல்ல தொடக்கம். அதில் நாயகர் முன்பு ஹீரோவாக இருந்தவர், பிறர் மனதைப் படிக்கக்கூடியவர், இப்போது வில்லனாக மாறத் திட்டமிடுபவர். அவர் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார் என்பதை அந்தக் கதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

முடிவுகளைப் பட்டியலிடும் விளக்கக் குறிப்புகளை முதல் ஆட்டத்துக்கு முன் படிக்காதீர்கள். எந்த சாய்ஸ் எங்கே கொண்டுபோகும் என்று தெரிந்துவிட்டால், நாயகர் அறியாததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பிறகு எடுக்கும் முடிவு உங்களுடையதாகிவிடும், அவருடையதாக இருக்காது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். நாயகர் எதைச் செய்ய மாட்டார் என்பது வேறு. நீங்கள் எதைப் படிக்க விரும்பவில்லை என்பது வேறு. சித்திரவதை, மனதைக் கட்டுப்படுத்துவது, குழந்தைகளுக்கு நேரும் தீங்கு போன்றவை இந்த வகைக் கதைகளில் வரலாம். உங்களுக்கு எது வேண்டாமோ அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்த சாய்ஸ் வரும்போது, நாயகருக்குப் பொருந்தினாலும் தாண்டிப் போகலாம். ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடாது.

2. நான்கு வரிகள் எழுதுங்கள்

முதல் சாய்ஸை அழுத்துவதற்கு முன் நான்கு வரி எழுத வேண்டும். இந்த வரிசையிலேயே எழுதுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் வரி: இவருக்கு என்ன வேண்டும்? இரண்டாவது: அது கைநழுவும்போது எந்தத் தவறைச் செய்வார்? மூன்றாவது: அந்தத் தவறைத் தனக்குத்தானே எப்படி நியாயப்படுத்துவார்? நான்காவது: என்ன வந்தாலும் எதைச் செய்ய மாட்டார்?

ஒரு மாதிரியை வைத்துப் பேசுவோம். நாயகிக்குக் கண்ணுக்குத் தெரியாத கவசத்தை எழுப்பும் சக்தி இருக்கிறது. அவளுக்கான நான்கு வரிகள் இவை. ஊர் முழுக்கத் தன்னை நம்ப வேண்டும். தன் பிழை வெளியே வந்துவிடும்போல இருந்தால் பழியை இன்னொருவர் மேல் போட்டுவிடுவாள். "என் பெயர் கெட்டுப்போனால் நாளைக்கு இந்த ஜனங்களைக் காப்பாற்ற யார் வருவார்கள்?" தன்னைவிட எளியவர் மேல் மட்டும் பழி போடமாட்டாள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இரண்டாவது வரியில். "கோபக்காரர்", "சுயநலவாதி", "இருண்ட மனம் கொண்டவர்" என்று எழுதுகிறார்கள். இவை குணப்பெயர்கள், இவற்றை வைத்து எந்த சாய்ஸையும் தேர்ந்தெடுக்க முடியாது. சுயநலவாதி ஓடிப்போவாரா, பொய் சொல்வாரா, திருடுவாரா? இரண்டாவது வரியில் ஒரு வினைச்சொல் கட்டாயம் இருக்க வேண்டும்: பழி போடுவாள், மறைப்பான், விலைக்கு வாங்குவாள், உதவி கேட்காமல் தனியே போய் மாட்டுவான்.

மூன்றாவது வரியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. அது இல்லாவிட்டால் நாயகர் தெரிந்தே தீமை செய்பவராகிவிடுவார். சூப்பர்ஹீரோ கதையில் அப்படி ஒருவர் முகமூடி போட்டு ஊருக்கு முன் நிற்பதற்குக் காரணமே இல்லை. தான் நல்லவர் என்று அவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கும் செய்கைக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் ஆடப்போகும் களம்.

3. சக்தியைக் குறையோடு கட்டுங்கள்

பெரும்பாலான கதைகள் முதல் அத்தியாயத்திலேயே சக்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பலமானது எது, சண்டையில் எது உதவும் என்று பார்க்காதீர்கள். உங்கள் இரண்டாவது வரியை எளிதாக்கும் சக்தி எது என்று பாருங்கள்.

மாதிரி நாயகியின் கவசம் கண்ணுக்குத் தெரியாதது என்பதால், அது சறுக்கியதை யாரும் பார்க்க முடியாது. பழியை மாற்ற அவளுக்கு வசதி தானாகவே அமைகிறது. உதவி கேட்கத் தெரியாதவருக்கு வேகமான ஓட்டம் பொருந்தும், யாரும் கூட வர முடியாது. எல்லாரையும் கட்டுக்குள் வைக்க நினைப்பவருக்கு மனம் படிக்கும் சக்தி பெரிய சோதனை. பலசாலிக்குக் கோபம் என்பது எல்லாரும் எடுப்பது. பலசாலிக்குக் கோழைத்தனம் கொடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு சண்டைக் காட்சியும் புதிதாகிவிடும்.

4. ஸ்டாட்ஸ் பக்கத்தை முதலில் படியுங்கள்

சக்தியைத் தேர்ந்தெடுத்த கையோடு மேலே இருக்கும் ஸ்டாட்ஸ் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு வகை அளவுகள் இருக்கும். ஒன்று திறமைகள்: வலிமை, ஏமாற்று, பேச்சு, நுட்பம் போன்றவை. இன்னொன்று எதிரெதிர் இணைகள்: இரக்கம்/இரக்கமின்மை, சட்டம்/தன்னிச்சை என ஒரே கோட்டின் இரு முனைகள். இணையில் இருப்பது உண்மையில் ஒரே எண். ஒரு முனை 74 என்றால் மறுமுனை 26.

சாய்ஸ்ஸ்கிரிப்ட் கதைகளில் பெரும்பாலும் இந்த அளவுகள் நேர்க்கூட்டலாக ஏறுவதில்லை. "20 விழுக்காடு ஏற்று" என்று எழுத்தாளர் சொன்னால், 100ஐத் தொட இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறதோ அதில் 20 விழுக்காடு ஏறும். இறக்கும்போது இருப்பதில் 20 விழுக்காடு இறங்கும். 50இல் தொடங்கினால் முதல் ஏற்றத்தில் 60, அடுத்ததில் 68, மூன்றாவதில் 74. இப்போது எதிர்ப்பக்கமாக ஒரே ஒரு சாய்ஸ் எடுங்கள்: 74இலிருந்து 59க்கு வந்துவிடும். மூன்று முறை ஏறியது முதல் படிக்கும் கீழே போய்விட்டது.

இதனால்தான் தடுமாறி ஆடுபவர்கள் தோற்கிறார்கள். நான்கு காட்சிகளில் இரக்கமின்றி நடந்துவிட்டு, ஐந்தாவதில் மனம் இளகி, ஆறாவதில் மறுபடி கடுமை காட்டினால், அளவு நடுவிலேயே ஊசலாடும். நடுவில் இருக்கும் அளவை வைத்துப் பிற்பாதியின் கடினமான சோதனைகளைத் தாண்டுவது அரிது.

"கெட்டவன்" என்று ஒரு ஸ்டாட் இல்லை என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். அடிப்பது வலிமையை ஏற்றும், பொய் ஏமாற்றை ஏற்றும், மிரட்டுவது வேறொன்றை. ஒவ்வொரு பக்கத்திலும் மிக மோசமானதைத் தேடி அழுத்துபவரின் புள்ளிகள் நாலைந்து திறமைகளில் சிதறிவிடும். முதல் பத்தியில் சொன்ன நான்காவது அத்தியாயச் சரிவுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே நோட்டில் ஐந்தாவது வரியாக இரண்டு திறமைகளை எழுதுங்கள். ஒன்று ஹீரோ வேலைக்கு உதவுவது, இன்னொன்று குறைக்கு உதவுவது. மாதிரி நாயகிக்குப் பாதுகாப்புச் சக்தியும் ஏமாற்றும். மற்றவை எப்படிப் போனாலும் போகட்டும்.

5. முதல் இரண்டு அத்தியாயங்களில் வளர்ப்பு

தொடக்க அத்தியாயங்களின் சாய்ஸ்கள் பெரும்பாலும் உங்களைச் சோதிப்பதில்லை. நீங்கள் யார் என்று கேட்டு அளவுகளை ஏற்றிவைக்கின்றன. சோதனைகள் பிறகு வரும். எனவே இங்கே ஐந்தாவது வரியில் எழுதிய இரண்டு திறமைகளைத் தொடும் சாய்ஸ் எது வந்தாலும் அதை முதலில் கவனியுங்கள்.

குறையை இங்கே பெரிதாகக் காட்ட வேண்டாம். ஒரு சின்னப் பொய், யாரும் கவனிக்காத ஒரு மழுப்பல் போதும். ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டால் பிறகு விழுவதற்கு உயரம் இருக்காது. சக ஹீரோக்களோடு உறவு அளவுகள் ஏறுவதும் இந்தக் கட்டத்தில்தான். அதை வீணாக்கினால், பின்னால் நீங்கள் ஏமாற்றும்போது ஏமாறுவதற்கு உங்களை நம்பியவர் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

6. ஒவ்வொரு சாய்ஸையும் படிக்கும் முறை

இந்தப் பகுதியில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். அவசரப்படத் தேவையில்லை. ஒன்றைத் தொட்டாலும் 'நெக்ஸ்ட்' அழுத்தும் வரை மாற்றலாம். அழுத்திய பிறகு பெரும்பாலான சாய்ஸ்ஸ்கிரிப்ட் கதைகளில் பின்னால் போக வழியில்லை. ட்வைன் கதைகள் சிலவற்றில் பின்செல்லும் அம்புக்குறி இருக்கும். இருந்தாலும் முதல் ஆட்டத்தில் அதைத் தொடாதீர்கள்.

முதலில் எல்லா சாய்ஸையும் முழுக்கப் படியுங்கள். பிறகு இந்த வரிசையில் கேளுங்கள்: இந்தக் காட்சியில் முதல் வரியில் எழுதிய ஆசைக்கு ஆபத்து இருக்கிறதா? இல்லையென்றால் நாயகர் நல்லவராகவே நடக்கட்டும். குறை எப்போதும் வேலை செய்வதில்லை, ஆசை மிரட்டப்படும்போதுதான் தலைதூக்கும். ஆபத்து இருந்தால், இரண்டாவது வரியின் வினைச்சொல்லுக்கு மிக அருகில் இருக்கும் சாய்ஸ் எது? அதை நான்காவது வரி தடுக்கிறதா? யார் பார்க்கிறார்கள்?

ஒரு காட்சியில் வைத்துப் பார்ப்போம். பாலம் இடிந்து ஆட்கள் காயமடைந்திருக்கிறார்கள். நாயகியின் கவசம் ஒரு நொடி சறுக்கியதுதான் காரணம். நிருபர் மைக்கை நீட்டுகிறார். சாய்ஸ்கள் நான்கு: உண்மையை ஒப்புக்கொள்வது, தப்பியோடிய வில்லன் வைத்த குண்டு என்று சொல்வது, பதில் சொல்லாமல் பறந்துவிடுவது, கேமராவை உடைத்து நிருபரை மிரட்டுவது.

புதியவர் நான்காவதை அழுத்துவார், அதுதான் கெட்டதாகத் தெரிகிறது. ஆனால் ஊரின் நம்பிக்கையை விரும்புகிறவள் நேரலையில் கேமராவை உடைப்பாளா? அது அவள் ஆசைக்கே குழி தோண்டுவது. மூன்றாவது ஒரு கோழையின் சாய்ஸ், வேறொரு நாயகருக்குச் சரி. இவளுக்கு இரண்டாவதுதான். வில்லன் எளியவர் இல்லை என்பதால் நான்காவது வரியும் தடுக்கவில்லை. ஏமாற்று ஏறுகிறது, ஊரில் பெயரும் தப்பிக்கிறது, ஒரு பொய் கதைக்குள் விதைக்கப்பட்டுவிட்டது.

அடுத்த காட்சி. கூட இருந்த பயிற்சி ஹீரோ, பதினேழு வயதுப் பையன், சறுக்கலைப் பார்த்துவிட்டான். சாய்ஸ்கள்: அவனிடம் உண்மையைச் சொல்வது, வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று மிரட்டுவது, அவன் துணிச்சலைப் புகழ்ந்து, வேறு ஊரில் இருக்கும் பெரிய அணிக்குப் பரிந்துரைப்பது.

இங்கே மூன்றாவதை எடுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அது பாசமான சாய்ஸ். கதையும் அதை நல்லதாகவே கணக்கில் எடுத்து உறவு அளவை ஏற்றக்கூடும். ஆனால் சாட்சியை ஊரை விட்டு அனுப்பத்தான் அவள் புகழ்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். குறையுள்ள நாயகரை ஆடுவதில் இருக்கும் மிகப் பெரிய திருப்தி இந்த மாதிரி இடங்களில்தான் கிடைக்கிறது: கெட்ட காரணத்துக்காகச் செய்யும் நல்ல காரியம். கொடூரமான சாய்ஸையே தேடுபவர்கள் இதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். சாய்ஸின் வரி சிறியது. அழுத்தியபின் வரும் பத்தி நீங்கள் நினைத்த தொனியில் இருக்காது. "உறுதியாகப் பேசு" என்பது கத்துவதாக முடியலாம். அப்படி நடந்தால் அதை நாயகரின் தடுமாற்றமாக எடுத்துக்கொண்டு அடுத்த சாய்ஸில் சமாளியுங்கள். இரண்டாவது, சில கதைகள் "உனக்குக் குற்றவுணர்வு பொங்குகிறது" என்று உங்களைக் கேட்காமலே எழுதிவிடும். அதோடு சண்டை போட வேண்டாம். குற்றவுணர்வு வரட்டும், உங்கள் மூன்றாவது வரியைக்கொண்டு நாயகர் அதை அமுக்கிக்கொள்கிறார் என்று படியுங்கள். நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறித்துவையுங்கள், முடிவுப்பகுதியில் உதவும்.

7. பொய்க்கணக்கு எழுதுங்கள்

முகமூடி, ரகசிய அடையாளம், இரட்டை வாழ்க்கை எல்லாம் இந்த வகையின் அடிப்படை. நாயகர் பொய் சொல்பவராகவும் இருந்தால் மூன்றாவது அத்தியாயத்திலிருந்து யாருக்கு என்ன தெரியும் என்பது குழம்பிவிடும்.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் பாத்திரத்தின் பெயர், வலப்பக்கம் அவரிடம் சொன்ன கதை. "நிருபர்: குண்டு. பயிற்சிப் பையன்: பார்த்துவிட்டான், வெளியூர். அணித்தலைவர்: எதுவும் சொல்லவில்லை." இவ்வளவு போதும்.

சாய்ஸ்ஸ்கிரிப்ட் கதைகள் நீங்கள் சொன்னதைச் சேமித்துவைத்து, பல அத்தியாயங்கள் கழித்து எடுத்து நீட்டும். "அன்றைக்கு என்ன நடந்தது என்று தலைவர் கேட்கிறார்" என்று ஒரு காட்சி வரும்போது, அதே பொய்யைத் தொடர்ந்தால் ஒரு பாதை, மாற்றிச் சொன்னால் இன்னொன்று. மறந்துபோய் மாற்றிச் சொல்வதும், தெரிந்தே மாற்றிச் சொல்வதும் ஆட்டத்துக்கு ஒன்றுதான். உங்களுக்கு ஒன்றில்லை.

8. ஒருவரை மட்டும் காயப்படுத்தாதீர்கள்

துணைப் பாத்திரங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் குறை வேலை செய்யாதபடி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, பழைய நண்பர், எதிரணி வில்லன், யாராகவும் இருக்கலாம். ஏமாற்று ஸ்டாட் எவ்வளவு உயர்ந்தாலும் இவரிடம் உண்மை.

இதற்கு இரண்டு காரணம். நாயகருக்கு உண்மை பேசவும் தெரியும் என்று ஆனால்தான் மற்ற இடங்களில் பேசாதது அவருடைய தேர்வாகிறது. இன்னொன்று ஆட்டத்தின் எண்கணக்கு சார்ந்தது: பிற்பாதியில் மிக மோசமான நெருக்கடியில் உதவிக்கு வருபவர் யார் என்பதைப் பல கதைகள் உறவு அளவை வைத்தே முடிவுசெய்கின்றன. ஒருவராவது உயரத்தில் இருக்க வேண்டும்.

காதல் பாதை எடுப்பதானால், அந்த ஒருவரையே காதலிக்க வேண்டும் என்றில்லை. காதலிக்கும் ஆளிடம் பொய்யும், எதிரியிடம் உண்மையும் என்று ஆடுவது வலிக்கும், ஆனால் நன்றாக இருக்கும்.

9. தோல்வி வந்தால் ஆரம்பத்துக்கு ஓடாதீர்கள்

சோதனை ஒன்று தோற்றதும் 'ரீஸ்டார்ட்' அழுத்துவது மிகப் பரவலான தவறு. குறையுள்ள நாயகருக்குத் தோல்வி தேவை. ஆசை மிரட்டப்படும்போதுதான் குறை தலைதூக்கும் என்று முன்பே பார்த்தோம். அந்த மிரட்டலைத் தோல்விதான் கொண்டுவருகிறது. எல்லாச் சோதனையும் தேறினால் மாதிரி நாயகி பழி போட வேண்டிய அவசியமே வராது.

சாய்ஸ் ஒன்று மங்கலாகத் தெரிந்து அழுத்த முடியாமல் இருந்தால், அதற்கான அளவு போதவில்லை, அல்லது அதை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்கள் என்று பொருள். எந்த அளவு என்று ஊகித்து நோட்டில் எழுதுங்கள். எல்லாக் கதையும் இப்படிக் காட்டாது. சிலவற்றில் தகுதியில்லாத சாய்ஸ் கண்ணிலேயே படாது.

கதை உண்மையிலேயே நடுவில் முடிந்துவிட்டால், அதாவது நாயகர் இறந்துவிட்டாலோ சிறைக்குப் போய்விட்டாலோ, கடைசியாகச் சேமிக்கப்பட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி தொடங்கி, அந்த ஒரு சாய்ஸை மட்டும் மாற்றுங்கள். மற்ற எல்லாவற்றையும் "இப்போது தெரியும்" என்று சீர்திருத்தத் தொடங்கினால் நாயகரைத் தொலைத்துவிடுவீர்கள்.

10. எல்லைக்கோட்டைத் தாண்டுவது

நான்காவது வரியை ஆட்டம் முழுக்க ஒரே ஒரு முறை தாண்டலாம். தாண்டாமலும் முடிக்கலாம். இரண்டு முறை தாண்டினால் அது எல்லை என்று சொல்வதற்கே தகுதியில்லாமல் போகிறது.

எப்போது என்பது முக்கியம். கதையின் பாதிக்குப் பிறகு, ஆசை முழுக்கப் பறிபோகும் காட்சியில். மாதிரி நாயகியின் பொய்யை விசாரிக்க ஒரு குழு வருகிறது. வில்லனிடம் குண்டே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. சாய்ஸ்களில் ஒன்று, அன்றைக்குப் பணியில் இருந்த பயிற்சிப் பையனின் கவனக்குறைவு என்று சொல்வது. எளியவர் மேல் பழி போடமாட்டேன் என்றவள் இப்போது என்ன செய்வாள்?

இங்கே முடிவெடுக்குமுன் நோட்டைத் திறந்து மூன்றாவது வரியைப் படியுங்கள். அந்த நியாயம் இன்னும் அவள் வாயில் நிற்கிறதா? நின்றால் தாண்டுவாள். பையனைப் பற்றி நடுவில் நீங்கள் எடுத்த சாய்ஸ்கள் அந்த நியாயத்தை அரித்திருந்தால் தாண்டமாட்டாள். இரண்டில் எதை எடுத்தாலும் ஸ்டாட்ஸ் பக்கத்தை அந்த நேரத்தில் பார்க்காதீர்கள். எண்ணைப் பார்த்து எடுத்த முடிவு இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

11. முடிவுப்பகுதி: மன்னிப்பை மலிவாக வாங்காதீர்கள்

கடைசி இரண்டு அத்தியாயங்களில் கதைகள் பொதுவாக ஒரு கதவைத் திறந்துவைக்கும்: தியாகம் செய், எல்லாரிடமும் ஒப்புக்கொள், வில்லனைத் தோற்கடித்து நல்லவனாகு. இதுவரை ஏமாற்றிவந்தவர்கூட சட்டென்று அந்தக் கதவுக்குள் போய்விடத் துடிப்பார். காரணம், நாம் விளையாடுபவர்கள். நல்ல முடிவு நமக்குப் பிடிக்கும்.

உள்ளே போவதற்கு முன் ஒன்று பாருங்கள். ஆறாவது பகுதியில் குற்றவுணர்வு எழுந்த பக்கங்களைக் குறிக்கச் சொன்னேன். மூன்று இடங்களாவது இருந்து, அவற்றுக்குப் பிறகு ஏதாவது ஒரு சாய்ஸில் நாயகர் கொஞ்சமாவது மாறியிருந்தால், திருந்துவது அவருக்கு இயல்பு. ஒன்றுமே இல்லாமல் கடைசிப் பக்கத்தில் திருந்துவது, ஆசை வேறு உருவத்தில் வெல்வதுதான். ஊர் நம்ப வேண்டும் என்று பொய் சொன்னவள், ஊர் நம்பும் என்பதற்காகவே அழுது ஒப்புக்கொள்வாள். அதை அப்படியே ஆடுவதும் முறைதான். ஆனால் தெரிந்து ஆடுங்கள்.

ஆட்டத்தின் எண்கணக்கும் இங்கே குறுக்கே வரும். இரக்கமின்மை 80 இருக்கும்போது இரக்கத்தைச் சோதிக்கும் தியாக சாய்ஸை எடுத்தால் தோற்கலாம். தோற்றால் தோற்கட்டும். மன்னிப்புக் கேட்டுக் கிடைக்காமல் போவது, இந்த வகையில் எழுதப்பட்ட நல்ல முடிவுகளில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

12. இரண்டாவது ஆட்டம்

முடித்தபின் உடனே தொடங்கலாம். ஆனால் நாயகரை அடியோடு மாற்றாதீர்கள். நான்கு வரிகளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் கதை எதனால் வேறு பக்கம் திரும்பியது என்று பிரித்தறிய முடியாது.

முதலில் மாற்றிப் பார்க்கத் தகுந்தது மூன்றாவது வரி. மாதிரி நாயகி அதே பழியைப் போடட்டும், ஆனால் இந்த முறை "உண்மை தெரிந்தால் அணியே கலைந்துவிடும்" என்ற நியாயத்தோடு. முதல் அத்தியாயத்தில் வித்தியாசம் தெரியாது. அணித்தலைவர் பாலத்தைப் பற்றிக் கேட்கும் காட்சியில் நோட்டைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். சென்ற முறை எடுத்த சாய்ஸ் இந்த முறை அவள் வாயில் வராது, அங்கிருந்து பொய்க்கணக்கின் வலப்பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.